ஓசேஜ் மக்களின் நிலம் கைமாறிய வரலாற்றை நான்கு தாள்களில் கற்பிக்கும் முறை

செயிண்ட் லூயிஸ் நகரில் எங்கள் வீட்டுக்கு வார இறுதியில் படிக்க வரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அமெரிக்கா மேற்கு நோக்கி விரிந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுத்த முதல் ஆண்டில் நான் தோற்றுப்போனேன். அமெரிக்க அரசு மேற்கே ஆய்வுப் பயணத்துக்கு அனுப்பிய லூயிஸும் கிளார்க்கும் சென்ற பாதையைப் பிசகாமல் சொன்ன பிள்ளைகளுக்கு, தாங்கள் வசிக்கும் மிசூரி மாநிலத்தின் பெரும்பகுதி ஓசேஜ் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களிடமிருந்து எப்படிக் கைமாறியது என்பது தெரியவில்லை. மறு ஆண்டு ஒரே வரைபடத்தின் மேல் நான்கு தாள்களை அடுக்கிக் கற்பித்தேன், அது பலித்தது.

படி 1: அடி வரைபடத்தில் மாநில எல்லைகள் எதுவும் இருக்கக் கூடாது. மிசூரி, மிசிசிப்பி, ஓசேஜ், ஆர்கன்சா ஆகிய ஆறுகளை மட்டும் வரையுங்கள். கணினியில் அடுக்கடுக்காக வரைபடம் காட்டும் மென்பொருள்கள் உண்டுதான். ஆனால் பொத்தானை அழுத்தி வரவழைத்த கோட்டை மறந்துவிடும் பிள்ளைகள், அளவுகோல் வைத்துத் தாங்களே இழுத்த கோட்டை மறப்பதில்லை. அதனால் ட்ரேசிங் பேப்பரையே வாங்குங்கள்.

படி 2: முதல் தாளில் இரண்டு அம்புக்குறிகள். 1804 மே மாதம் லூயிஸ், கிளார்க் குழு மிசூரி ஆற்றில் மேற்கே புறப்பட்டது. அதே கோடையில் ஓசேஜ் தலைவர்கள் கிழக்கே பயணம் செய்து வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனைச் சந்தித்தார்கள். ஓர் அம்பை மட்டும் வரைந்தால், கண்டுபிடிப்பவர் ஒரு பக்கம், கண்டுபிடிக்கப்படுபவர் மறுபக்கம் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் வேரூன்றிவிடும்.

படி 3: இரண்டாவது தாள் 1808-க்கு உரியது, இங்கேதான் நான் இரண்டு முறை இடறினேன். அவ்வாண்டு நவம்பர் 10-இல் கையெழுத்தான உடன்படிக்கை, மிசூரி ஆற்றங்கரையிலிருந்த கிளார்க் கோட்டையிலிருந்து நேர் தெற்கே ஆர்கன்சா ஆறு வரை ஓர் எல்லைக்கோடு வகுத்து, அதற்குக் கிழக்கே இருந்த ஓசேஜ் நிலத்தை அமெரிக்க அரசுக்குக் கொடுத்தது. முதல் முறை நான் இன்றைய மிசூரி மாநிலத்தின் மேற்கு எல்லையையே அந்தக் கோடாக வரைந்துவிட்டேன். உண்மையில் கோட்டை இருந்த இடம் இன்றைய சிப்லி ஊருக்கு அருகில், மாநில எல்லையிலிருந்து 20 மைல்களுக்கு மேல் கிழக்கே இருக்கிறது. எனவே முதலில் சிப்லியைக் குறித்துவிட்டுப் பிறகு அளவுகோலை வையுங்கள். பாதை தேடிப் போன அதே வில்லியம் கிளார்க்தான் படையுடன் வந்து அந்தக் கோட்டையைக் கட்டினார் என்பதை இந்த இடத்தில் சொல்வது அவசியம். ஆய்வுப் பயணமும் நிலம் கைமாறியதும் தனித்தனிக் கதைகள் அல்ல என்பது அப்போது தானாகப் புரியும்.

இரண்டாவது இடறல் ஒரு மாணவியின் கேள்வியால் வந்தது: "1803-லேயே பிரான்சிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு லூசியானாவை வாங்கியாச்சே, அப்புறம் எதுக்கு ஓசேஜ் மக்களோட ஒப்பந்தம்?" (அன்றைய லூசியானா என்பது இன்றைய மிசூரியும் அடங்கிய பெரும் நிலப்பரப்பு.) அன்று நான் மழுப்பினேன். இப்போது இப்படி விளக்குகிறேன்: ஒரு வீட்டுக்கு விலை பேசும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், அந்த உரிமையை இன்னொருவருக்கு விற்கிறார், அந்த வீட்டுக்காரரோ எதையும் விற்கவில்லை. பிரான்சு விற்றது அத்தகைய உரிமையைத்தான். நிலம் அங்கே வாழ்ந்தவர்களிடமே இருந்தது. 1808-இல் பெரிய ஓசேஜ் பிரிவுக்கு ஆண்டுதோறும் 1,000 டாலர் மதிப்புள்ள பொருள்களும், சிறிய ஓசேஜ் பிரிவுக்கு 500 டாலர் மதிப்புள்ள பொருள்களும் தருவதாக எழுதப்பட்டது. இத்தொகைகளை 1.5 கோடிக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

படி 4: மூன்றாவது தாளில் 1825. மிசூரியில் எஞ்சியிருந்த நிலமும் போனது. மாநில எல்லைக்கு 25 மைல் மேற்கே தொடங்கும், 50 மைல் அகலமுள்ள ஒரு பட்டை மட்டும் இன்றைய கான்சஸில் ஒதுக்கப்பட்டது.

படி 5: நான்காவது தாளில் 1870. அனுமதியின்றிக் குடியேறியவர்கள் அந்தப் பட்டைக்குள்ளும் பெருகியதால், அதில் அவர்களிடம் எஞ்சியிருந்த நிலத்தை ஏக்கர் 1.25 டாலர் வீதம் விற்கும் சட்டம் வந்தது. ஓசேஜ் மக்கள் அந்தப் பணத்திலிருந்து செரோகி என்ற இன்னொரு பழங்குடி மக்களிடம் நிலம் வாங்கி, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்ந்தார்கள். நான்கு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஓர் ஆசிரியை, பாடம் முடிந்ததும் ஓசேஜ் மக்கள் அழிந்துவிட்டதாகத் தம் மாணவர்கள் எண்ணிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தார். குறை என்னுடையது. ஆகவே ஐந்தாம் படிக்குப் பிறகு 1906-ஐச் சேருங்கள்: நிலம் தனித்தனியாகப் பங்கிடப்பட்டபோது, அடியிலுள்ள கனிம உரிமையை ஓசேஜ் மக்கள் பொதுவில் வைத்துக்கொண்டார்கள், எண்ணெய் வருவாய் பதிவேட்டிலிருந்த 2,229 பேருக்குப் பங்கானது. அந்தப் பங்குகளுக்காகவே 1920-களில் பலர் கொல்லப்பட்டதைப் பெரிய வகுப்புகளுக்கு மட்டும் சொல்லுங்கள். பின்னர் வரைபடத்தில் ஓசேஜ் மக்களின் இன்றைய தலைநகர் பஹஸ்காவைக் குறித்து, அருகே அம்மக்களின் பெயரை அவர்களுடைய எழுத்திலேயே எழுதச் செய்யுங்கள். 2006-இல் உருவான அந்த எழுத்துமுறை 2016 முதல் யூனிகோடில் இருக்கிறது. திரையில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் ஓசேஜ் எழுத்துருவை நிறுவிக்கொள்ளுங்கள். என் பழைய மடிக்கணினியில் அதன் பிறகே எழுத்துகள் தெரிந்தன.