டூயல் பூட்டா, விர்ச்சுவல் மெஷினா? பார்ட்டிஷனில் கைவைக்கும் முன்

பெங்களூருக்கு ஐடி வேலைக்கு வரும் நம்மவர்களில் பலர், விண்டோஸ் லேப்டாப்பில் லினக்ஸும் வேண்டும் என்றதும் நேராக டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். (கம்பெனி லேப்டாப் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.) விண்டோஸில் மீட்டிங் ஓட, பக்கத்திலேயே உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) டெர்மினலும் வேண்டுமென்றால், விண்டோஸுக்குள்ளேயே தனி கம்ப்யூட்டர் போல லினக்ஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின்தான் சரி. கிராபிக்ஸ் கார்டின் முழு வேகமும் லினக்ஸுக்கு வேண்டும் என்பவர்கள் இரண்டையும் தனித்தனி பார்ட்டிஷனில் போட்டு, ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் டூயல் பூட் பக்கம் போகலாம்.

8 ஜிபி ரேமில் 4 ஜிபியை விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்தால் இரண்டுமே திணறும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் ரேம் வாங்கி 16 ஜிபி ஆக்கிவிடலாம். உங்கள் லேப்டாப்பின் ரேம் வகை டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ, ஸ்லாட் இருக்கிறதா, ரேம் போர்டோடு சால்டர் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் அமைப்புகள்) விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் விர்ச்சுவல் மெஷினுக்குள் 64 பிட் ஓஎஸ் கிளம்பாது. ஏஎம்டி போர்டுகளில் அது பெரும்பாலும் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும். விர்ச்சுவல் மெஷினின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பாதீர்கள். அதுவும் அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது, டிஸ்க் போனால் சேர்ந்தே போகும்.

டூயல் பூட்டில் அதிகம் அடிவாங்குவது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் என்கிரிப்ஷனான பிட்லாக்கரில்தான். புது லேப்டாப்களில் நாம் கேட்காமலேயே என்கிரிப்ஷன் போட்டிருக்கலாம். பயாஸில் செக்யூர் பூட்டையோ (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் கிளம்பவிடும் வசதி) பூட் வரிசையையோ மாற்றினால், அடுத்த முறை 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். அதை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலிருந்து முன்பே எடுத்து, வேறிடத்தில் எழுதி வையுங்கள். அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுதினால் ஃபைல்கள் கெடலாம். பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிடுங்கள்.

சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டிலேயே சுருக்கி, லினக்ஸுக்கு 50 ஜிபியாவது விடுங்கள். டெஸ்க்டாப்பில் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொட வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் டேட்டாவும் போகலாம். லினக்ஸுக்குப் போய்த் திரும்பினால் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். போர்டு கடிகாரத்தின் பேட்டரி தீரவில்லை. போர்டு கடிகாரத்தில் இருப்பதை லினக்ஸ் யூடிசி (உலகப் பொது நேரம்) என்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரம் என்கிறது. லினக்ஸையே உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

பிறகு லினக்ஸ் வேண்டாமென்று அந்தப் பார்ட்டிஷனை மட்டும் அழித்தால், எந்த ஓஎஸ் என்று கேட்கும் லினக்ஸின் பூட் மெனுவான கிரப் தன் ஃபைல்களைத் தேடிக் கறுப்புத் திரையில் நின்றுவிடும். பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்த பிறகே அழியுங்கள்.