தர்மபுரி பின்கோடைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது எப்படி?

கிருஷ்ணகிரியிலிருந்து மாமா அனுப்பிய மாம்பழப் பெட்டியின் மேல் எங்கள் ஊர் பின்கோடு 636701 என்று தடித்த மார்க்கரில் எழுதியிருந்தது. "அப்பா, இது பகா எண்ணா?" என்றாள் மகள். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தப்பு.

2, 5 போகாது. இலக்கங்களைக் கூட்டினால் 23, அதனால் 3-ம் போகாது.

அடுத்து 7, 11, 13. மூன்றையும் ஒரே அடியில் பார்த்துவிடலாம். எண்ணை 636, 701 என்று இரண்டாக வெட்டி, 701-இல் 636-ஐக் கழியுங்கள். 65. மூன்றில் எது 65-ஐ வகுக்கிறதோ அதுதான் முழு எண்ணையும் வகுக்கும். 7 × 11 × 13 = 1001, 636701 = 636 × 1001 + 65 என்பதுதான் இதன் சூட்சுமம். 65-இல் 13 மட்டும் போகிறது. வகுத்தால் 48977.

பழைய எண்ணை மறந்துவிட்டு 48977-ஐப் பிடியுங்கள். மறுபடி 13 போட்டால் மீதி 6. 17 சரியாகப் போய் 2881 வரும்.

நான் சறுக்கியது இங்கேதான். 17, 19, 23 என்று 41 வரை வகுத்துவிட்டேன், எல்லாவற்றிலும் மீதி. கையில் இருந்த காலண்டர் தாளின் பின்பக்கமும் நிரம்பிவிட்டது. சரி, 2881 பகா எண்தான் என்று கட்டம் போட்டு மூடிவிட்டேன்.

எங்கே நிறுத்துவது என்பதை வர்க்கமூலம்தான் சொல்லவேண்டும், தாள் அல்ல. ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கல் என்றால் அவற்றில் ஒன்றாவது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 2881-க்கு அது 53 சொச்சம். 43, 47, 53 மூன்றும் பாக்கி இருந்தன. 43-லேயே உடைந்தது: 43 × 67. சிலர் இதற்கு நேர்மாறாக, முதல் எண்ணின் வர்க்கமூலமான 797 வரை போய்க்கொண்டே இருப்பார்கள். வேண்டாம். ஒரு காரணி கழன்றதும் எல்லையும் சுருங்கிவிடும்.

636701 = 13 × 17 × 43 × 67. நான்கும் வெவ்வேறு என்பதால் மொத்த வகுத்திகள் 2 × 2 × 2 × 2, அதாவது 16.

வகுத்துப் பார்க்க என் ஓட்டு மளிகைக்கடைக் கால்குலேட்டருக்குத்தான், பொத்தான் பெரிது. கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள், எண்ணைப் பகாக் காரணிகளாக உடைத்துக் காட்டும் 'ஃபாக்டர்' (factor) கட்டளையைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே தட்டினால் சுவாரசியம் போய்விடும்.

பின்சேர்க்கை: கிருஷ்ணகிரி வாசகர் ஒருவர் 635001-ஐ 3 × 17 × 12451 என்று பிரித்து, அதற்கு மேல் நகரவில்லை என்றார். அங்கே வர்க்கமூலம் 111 சொச்சம். 109 வரை வகுத்துப் பார்த்தேன், எதுவும் போகவில்லை. 12451 பகா எண்தான். இரண்டு ஊருக்கும் 17 எப்படிப் பொதுவாக வந்தது என்றும் கேட்டிருந்தார். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள்: 1700. ஒன்றில் 17 போனால் மற்றதிலும் போகத்தானே வேண்டும்.