டெல்டாவில் இருந்தபடி கட்டுரை எழுதிச் சம்பாதிக்க

முதலில் ஒரு துறையைப் பிடியுங்கள். எல்லாவற்றையும் எழுதுகிறவரை இதழாசிரியர் மறந்துவிடுவார். ‘குறுவை நெல்லா, இவரைக் கேள்’ என்று பெயர் வாங்கியவரைக் கூப்பிடுவார். குறுவைக்குத் தண்ணீர் விட மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அன்று எழுத உட்கார்ந்தால் வேலைக்காகாது. மாத இதழுக்கு ஏப்ரலிலேயே யோசனை போய்ச் சேர வேண்டும்.

யோசனைக் கடிதம் பத்து வரி தாண்ட வேண்டாம். ‘டெல்டா விவசாயிகளின் பிரச்சினைகள்’ என்று அனுப்பினால் பதிலே வராது, அது தலைப்புதான், கட்டுரை அல்ல. ‘தலைஞாயிறு கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் நாற்று முற்றினால் விவசாயி என்ன செய்கிறார்?’ என்று கேள்வியாக்குங்கள். யார் யாரிடம் பேசுவீர்கள், எத்தனை சொல், எந்தத் தேதிக்குள் என்று சேருங்கள். இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல். அப்புறம் வேறு இதழ். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இருவருக்கு அனுப்பினால் இரண்டு கதவும் மூடிவிடும்.

யூனிகோடில் தட்டுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது அவர்கள் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியலாம்.

கூலியை முன்கூட்டியே பேசுங்கள்: ஏற்றதும் தருவார்களா, அச்சானதுமா? படத்துக்குத் தனியா? (கேட்கக் கூச்சப்படுகிறவர்களே அதிகம்.) பில்லில் பான் எண் போடுங்கள், வரி பிடிக்க வேண்டிய தொகையானால், அது இல்லாதவருக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள்.