டிஎம்எஸ் ஆராய்ச்சியில் இறங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சேலத்தில் பொறியியல் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். மண்டையைத் திறக்காமல், வெளியே மின்சாரம் பாயும் ஒரு கம்பிச் சுருளைப் பிடித்தே மூளையைத் தூண்டுகிற டிஎம்எஸ்தான் (டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன்) என் வேலை. புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான், இதை வெறும் காந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சுருளின் அருகே காந்தப்புலம் 1.5 முதல் 2 டெஸ்லா வரை வரும், கிட்டத்தட்ட எம்ஆர்ஐ அளவு. ஆனால் எம்ஆர்ஐக்குள் படுத்தவருக்கு விரல் துள்ளுவதில்லையே, ஏன்? நரம்பைத் தூண்டுவது காந்தப்புலம் மாறுகிற வேகம். ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது எழுவதால்தான் மூளைக்குள் மின்புலம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டது அதைத்தான், 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு தலைமேல் சுருளை வைத்துக் கையைத் துள்ள வைத்ததும் அதனால்தான்.

இது புரியாவிட்டால் அடுத்த தவறு தானாக வரும். தூண்டப்படுகிறவரின் தலையில் இருக்கும் வெள்ளியைப் பற்றி, "வெள்ளி காந்தத்தில் ஒட்டாதே அண்ணா, இருக்கட்டுமே" என்று ஒரு ஜூனியர் கேட்டார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்கிற வீட்டுப் பிள்ளை, வெள்ளியை அவரைவிட யார் அறிவார்! ஆனால் ஒட்டுவதா ஒட்டாததா என்பது இங்கே கேள்வியே இல்லை. உலோகங்களிலேயே மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது வெள்ளிதான், அதனால் மாறும் காந்தப்புலம் உலோகத்துக்குள் வட்டமாக ஓடவிடும் சுழல் மின்னோட்டம் அதில் பலமாக ஓடிச் சூடாகும், இஇஜிக்கு, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவதற்கு, தலையில் ஒட்டும் வெள்ளி மின்முனை தோலையே சுட்டுவிடும். மின்முனையின் வளையத்தில் ஒரு வெட்டு விட்டால் ஓட்டம் அறுபடும், அப்படிச் செய்த மின்முனைகளை வாங்குங்கள். கம்மல், ஹேர்பின் எல்லாம் கழற்றியாக வேண்டும். காது கேட்பதற்காகக் காதுக்குள் காக்ளியர் கருவி வைத்தவரைச் சுருளின் பக்கமே விடாதீர்கள்.

அப்புறம் ஆழம். சுருளைப் பெரிதாக்கினால் ஆழமாகப் போகும், உண்மைதான், ஆனால் கூடவே அகலமாகப் பரவும். மேற்பரப்பை விட்டுவிட்டு ஆழத்தை மட்டும் தூண்டுகிற சுருளை யாராலும் செய்ய முடியாது, அதைத் தேடி ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள்.

எல்லோருக்கும் ஒரே அளவு தூண்டல் கொடுப்பதும் தவறு. பத்து துடிப்பில் ஐந்துக்காவது கைத்தசையில் 50 மைக்ரோவோல்ட் மின் சைகை வருகிறதா என்று ஒவ்வொருவருக்கும் பார்த்துத்தான் அளவை வைக்க வேண்டும். சுருள் ஒவ்வொரு துடிப்புக்கும் படாரென்று வெடிக்கும், காதடைப்பான் உங்களுக்கும் வேண்டும்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே பயம் தருவது, சுருளுக்குப் பாய்ச்ச மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர். ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றி வைத்தது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைக் குடிக்கும். மின்சாரம் வடிய வழி வைத்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும், எவ்வளவு அவசரமானாலும் சரி.