பழைய ராணுவ பிஸ்டலா? மினுமினுப்பை நம்பாதீர்கள், குழலைப் பாருங்கள்

அமெரிக்கக் கடைகளில் சோவியத் தயாரிப்பான டோக்கரேவ் டிடி-33 போன்ற பழைய ராணுவ பிஸ்டல் வாங்கப் போகிறவர்கள், கையில் ஒரு சின்ன டார்ச்சும் வெள்ளைக் காகிதத் துண்டும் வைத்திருங்கள். மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, ஸ்லைடை (மேலே நகரும் பாகத்தை) பின்னுக்கு இழுத்து நிறுத்தி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஸ்லைடின் திறப்பில் காகிதத்தைச் செருகி அதன்மேல் டார்ச் அடித்தால், வெளிச்சம் சிதறி, முன்வாய் வழியே பார்க்கும்போது குழலின் உள்புறம் முழுக்கத் தெரியும்.

வெளிப்பூச்சை ஆயுதச் சாலையிலேயே புதிதாகப் போட்டிருக்கலாம். அது எதையும் சொல்லாது. பழைய சோவியத் 7.62×25 மி.மீ. தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் (தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்தில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் தங்கும் உப்பு ஈரத்தை இழுக்கும். துடைக்காமல் விட்டால் குழலுக்குள் துரு அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழும். குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

கிடங்கில் வைக்கும்போது துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸ் அப்பியிருந்தால் நல்ல குழலும் கறுப்பாகத்தான் தெரியும், முதலில் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். உள்ளே குரோமியம் பூசிய குழல்களில் துரு எளிதில் பிடிக்காது, அங்கே வரிகளின் தேய்மானத்தை மட்டும் பாருங்கள். சுடுவதற்கு அல்ல, சேகரிப்புக்கு என்றால் கணக்கே வேறு: ஸ்லைடு, சட்டம் (கைப்பிடியுள்ள அடிப்பாகம்), குழல் மூன்றிலும் ஒரே வரிசை எண்ணா, இறக்குமதிக்காக சேஃப்டி (தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் நெம்பு) எதையும் ஒட்டவைத்திருக்கிறார்களா (டோக்கரேவின் அசல் வடிவில் அது கிடையாது) என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும்.