ஸ்டார்டிங் ரெசிஸ்டன்ஸ் ஏன் கருகிப் போகுது? நிறைய பேர் பண்ற தப்புங்க

மோட்டார் கிளம்புறப்போ கரண்ட் எகிறாம இருக்க சேர்க்குற இந்த ரெசிஸ்டன்ஸ் எரிஞ்சு போச்சுன்னா உடனே "ஓம் (தடையோட அளவு) பத்தல, இன்னும் சேர்த்துப் போடு"ன்னு சொல்லுவாங்க. முதல் தப்பே இதான். ஸ்லிப்ரிங் மோட்டார (ரோட்டர், அதாவது சுத்துற பாகத்தோட வைண்டிங்க வளையங்கள் வழியா வெளிய இருக்குற ரெசிஸ்டன்ஸோட இணைக்கிற மோட்டார்) லோடு இல்லாம நின்ன நிலையிலேருந்து ஃபுல் ஸ்பீடுக்குக் கொண்டு வர்றப்போ, சுத்துற பாகத்துல எவ்வளவு இயக்க ஆற்றல் ஏறுதோ அதே அளவு ரோட்டர் சர்க்யூட்ல சூடாப் போயே தீரும், நீங்க ஓம கூட்டுனாலும் கொறச்சாலும் இந்தக் கணக்கு மாறாது. லோடோட கிளம்புனா இன்னும் அதிகம், அதுலயும் ஓம அளவுக்கு மீறி ஏத்திட்டா டார்க் (சுத்துற விசை) கொறஞ்சு, ஸ்பீடு ஏற நேரமாகி, இழப்பு கூடத்தான் செய்யும். வெளிய ரெசிஸ்டன்ஸ் வைக்கிறதால கிடைக்கிற லாபம், அந்தச் சூட்டுல பெரும்பங்கு வைண்டிங்குக்குள்ள இறங்காம வெளிய வந்துடும், கரண்டும் கட்டுக்குள்ள நிக்கும்.

ஒரு கணக்கு பாருங்க. சுழல் நிலைமம் (சுத்துற வேகம் மாறுறத எதிர்க்கிற அளவு) 10 கிலோகிராம் சதுர மீட்டர், ஸ்பீடு 1500 ஆர்பிஎம்னா ஒரு ஸ்டார்ட்டுக்கு சுமார் 123 கிலோஜூல், அதாவது ஒரு லிட்டர் தண்ணிய 30 டிகிரிலேருந்து 59 டிகிரி வரைக்கும் ஏத்துற சூடு. அது ஆறுறதுக்குள்ள அடுத்தடுத்து நாலு தடவ ஸ்டார்ட் பண்ணா எங்க போகும்? அதனாலதான் ஒரு மணி நேரத்துக்கு எத்தன ஸ்டார்ட்னு பிளேட்ல போட்டிருக்கறத தயவுசெஞ்சு மதிங்க.

அடுத்த தப்பு, வாட்ஸ (எவ்வளவு சூடு தாங்கும்ங்கறத) பாக்காம ஓம மட்டும் பாத்து வாங்குறது. 220 வோல்ட் டிசி மோட்டார், ஆர்மேச்சர் (சுத்துற வைண்டிங்) 0.5 ஓம்னா நேரா போட்டா 440 ஆம்பியர் பாயும், 5 ஓம் சேர்த்தா 40 ஆம்பியர்ல நிக்கும், ஆனா அந்த முதல் நொடியில அந்த 5 ஓம் மேல விழறது 8000 வாட்! சில நொடிகள் தாங்குற மாதிரிதான் அத செஞ்சிருப்பாங்க, அதனால ஸ்டார்ட்டர் ஹேண்டில பாதியில நிறுத்தி ஸ்பீடு கண்ட்ரோலுக்கு ஓட்டாதீங்க, அதுக்கு தொடர்ந்து தாங்குற ரெசிஸ்டன்ஸ் தனியா வேணும்.

லிக்விட் ஸ்டார்ட்டர்ல (கரைசலையே ரெசிஸ்டன்ஸா வச்சிருக்குற ஸ்டார்ட்டர்) கரைசல் சூடாக ஆக ஓம் இறங்கிடும், அதனால சூடா இருக்குறப்பவே திரும்ப ஸ்டார்ட் பண்ணா கரண்ட் முன்னவிட எகிறும், தண்ணி மட்டத்தையும் பாத்துக்கணும்.

கிரிட் பாக்ஸ்ல (உலோக ரெசிஸ்டன்ஸ் துண்டுகள அடுக்கி வச்ச பெட்டி) தூசி அடைஞ்சா காத்து போகாது. சூடாகி ஆறி சூடாகி ஆறி போல்ட்டு தளர்ந்துடும், தளர்ந்த இடம் தனியா சூடாகும். சப்ளைய ஆஃப் பண்ணி லாக் போட்டு, ஆற விட்டு, மூடியத் திறந்து பாருங்க, ஒரு போல்ட்டோட தலை மட்டும் நீலம் பாஞ்சு, பக்கத்து கேபிள் இன்சுலேஷன் பழுப்பாகி விரல் வச்சா நொறுங்குச்சுன்னா கோளாறு அந்த ஜாயிண்ட்லதான், ரெசிஸ்டன்ஸ மாத்த வேண்டியதில்ல.