டபுள் எக்ஸ்போஷர் படத்தை லிமிடெட் எடிஷன் பிரிண்டாக மாற்றுவது எப்படி?

இரண்டு காட்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே படத்தில் பதிப்பதுதான் டபுள் எக்ஸ்போஷர். இத்தனை பிரதிகள்தான் என்று முன்கூட்டியே சொல்லி, எண்ணிட்டு விற்பது லிமிடெட் எடிஷன். பக்கவாட்டில் பார்க்கும் ஒரு முகம், அந்த முகத்துக்குள்ளே ஒரு மரம். திரையில் பார்க்கும்போது அசத்தலாக இருக்கும். அதையே அச்சடித்துப் பாருங்கள், பாதி மரத்தைக் காணோம்! என் முதல் பிரிண்ட் அப்படித்தான் வந்தது. கறுப்பாக முகம் மட்டும் இருந்தது, கிளைகள் எங்கே என்று விளக்கடியில் தாளைச் சாய்த்துச் சாய்த்துத் தேடினேன். அதனால் இங்கே படம் எடுப்பதைவிட அச்சுக்கு முந்தைய வேலையைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

படி 1: படம்

இரண்டாவது படம் முதல் படத்தின் இருட்டான பகுதியில்தான் தெரியும், வெளுத்துப்போன இடத்தில் ஒன்றும் பதியாது. இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. வெளிர் வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து ஆளை நிற்க வைத்தால் முகம் கறுத்து நிழலுருவாகிவிடும், அடுத்து இலைகளையோ கிளைகளையோ எடுங்கள். இரண்டு வெளிச்சமும் கூடிவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது பாதி வெளிச்சத்தில், எடுப்பது வழக்கம். ஃபிலிம் என்றால் 400 ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) ரோலைப் போட்டுவிட்டு கேமராவில் 800 என்று வைத்தால் போதும். டிஜிட்டலில் 'ஆவரேஜ்' (சராசரி) முறை இருந்தால் கேமராவே கணக்குப் பார்த்துக்கொள்ளும், 'அடிட்டிவ்' (கூட்டல்) என்றால் நீங்கள்தான் குறைக்க வேண்டும். வானம் வெளுத்தே போகட்டும் என்று நினைத்தால் முதல் படத்தில் குறைக்கவே வேண்டாம்.

கேமராவில் அந்த வசதி இல்லையா? இரண்டு படங்களையும் படத்திருத்த மென்பொருளில் லேயர்களாக (அடுக்குகளாக) வைத்து, மேல் லேயரை 'ஸ்க்ரீன்' முறைக்கு மாற்றுங்கள், அதே விளைவுதான். இது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

படி 2: அளவு

ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6000 × 4000 பிக்சல் படம் 20 அங்குல நீளமும் 13 அங்குலத்துக்குச் சற்றே அதிகமான அகலமும் வரும். சுற்றிலும் வெள்ளை ஓரம் விட வேண்டும், கையெழுத்துக்கும் சட்டத்துக்கும் அது தேவைப்படும்.

படி 3: காகிதமும் நிழலும்

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். நூறு சதவீதம் பருத்தியில் செய்த, அமிலம் இல்லாத, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, பளபளப்பில்லாத மேட் காகிதம் கையில் எடுத்தாலே தனி சுகம். ஆனால் மேட் காகிதத்தால் ஆழமான கறுப்பைத் தர முடியாது, அடர்த்தியான நிழல்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். நம் படத்தில் இரண்டாவது காட்சி குடியிருப்பதே அந்த நிழலில்தான். நிழலில் நுணுக்கம் அதிகம் என்றால் பேரியம் சல்பேட் பூச்சுள்ள பரைட்டா வகைக் காகிதம் பாதுகாப்பானது. மேட்தான் வேண்டும் என்றால் மென்பொருளில் வெளிச்சத்தைச் சரிசெய்யும் கர்வ்ஸ் கருவியில் நிழலை மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள்.

அதற்கு முன்னால் மானிட்டரின் வெளிச்சத்தைக் குறையுங்கள். பிரிண்ட் இருட்டாக வந்துவிட்டது என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம், மானிட்டர் அளவுக்கு மீறி ஒளிர்வதுதான். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (ஒளி அளவின் அலகு) வரை போதும். அச்சகத்தில் அந்தக் காகிதத்துக்கான ஐசிசி ப்ரொஃபைலை, அதாவது அதில் நிறங்கள் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பை, கேட்டு வாங்கி சாஃப்ட் ப்ரூஃபில் (அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முறை) பாருங்கள். படக் கோப்பை 16 பிட் டிஃப் (TIFF) வடிவில் கொடுங்கள். மை பிக்மென்ட் (நிறத்துகள்) வகையா என்றும் கேளுங்கள், கரைந்த சாயமான டை மை சீக்கிரம் மங்கும்.

படி 4: சோதனை அச்சு

முழுப் படத்தையும் சின்னதாக அச்சடித்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. இரண்டு காட்சிகளும் கலக்கும் பகுதியை மட்டும் உண்மை அளவில் வெட்டி, நிழலை மூன்று விதமாக உயர்த்தி, அதே காகிதத்தில் அச்சடியுங்கள். ஒரு நாள் காயவிட்டு, பகல் வெளிச்சத்திலும் வீட்டு விளக்கிலும் பாருங்கள். திரையில் சற்றே வெளிறியதாகத் தெரிந்த பதிப்புதான் எனக்குத் தாளில் சரியாக வந்தது.

படி 5: எண்ணும் கையெழுத்தும்

முதல் பிரிண்டை விற்கும் முன்பே மொத்தம் எத்தனை என்று முடிவு செய்துவிடுங்கள். 25 என்று சொல்லிவிட்டு, நன்றாக விற்கிறதே என்று 26-வது அடிப்பது வாங்கியவர்களுக்குச் செய்கிற துரோகம். அதே படம் வேறு அளவிலும் வருமா என்பதையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கலைஞருக்கான தனிப் பிரதிகள் மொத்தத்தில் பத்து சதவீதம் அளவுக்கு இருக்கலாம், அவற்றில் 'ஏ.பி.' (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்று குறிப்பது வழக்கம்.

படத்துக்குக் கீழே உள்ள ஓரத்தில் இடப்பக்கம் 7/25 என்பது போல எண், வலப்பக்கம் கையெழுத்து, இரண்டும் பென்சிலில். வழவழப்பான காகிதத்தில் பென்சில் பிடிக்காது, அங்கே பிக்மென்ட் மைப் பேனா எடுங்கள். முதல் எண்தான் உசத்தி என்பது செப்புத்தகடு தேயத் தேய அச்சு மங்கிய காலத்துப் பேச்சு. இன்க்ஜெட்டில் எதுவும் தேய்வதில்லை.

இருபத்தைந்தையும் ஒரே நாளில் அடிக்க வேண்டியதில்லை, விற்க விற்க அடிக்கலாம். ஆனால் திருப்தியாக வந்த ஒரு பிரதியை மட்டும் அமிலமில்லாத தாளில் சுற்றி இருட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அடிக்கிற ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கிளைகள் அதே அளவுக்குத் தெரிந்தால் மட்டும் பென்சிலை எடுங்கள்.